எலும்பு முறிந்த குழந்தைக்கு எக்ஸ்ரே எடுக்கும் முன்பே வலி மருந்து கொடுக்கலாமா?

கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். நான் மருத்துவர் அல்ல. இதைக் கேட்கத் தோன்றாமல் ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்ற தகப்பன்.

போன கோடை விடுமுறையில் என் மகள் கொய்யா மரத்திலிருந்து விழுந்தாள். ஏழு வயது. மணிக்கட்டுக்குச் சற்று மேலே கை கோணிப்போயிருந்தது. அவசரப் பிரிவில், "முதலில் படம் எடுத்து வாருங்கள்" என்று சீட்டை நீட்டினார்கள். அவள் அழாமல் உட்கார்ந்திருந்ததால் வலி அவ்வளவாக இல்லை என்று நினைத்துவிட்டேன். அசைந்தால் உயிர் போகும் என்றுதான் அசையாமல் இருந்திருக்கிறாள். எக்ஸ்ரே அறையில் கையைப் பக்கவாட்டில் திருப்பியபோது என் சட்டையைப் பற்றி இழுத்தாள். பொத்தான் அவள் கையோடு வந்துவிட்டது.

திரும்பி வந்ததும் ஒரு மூத்த செவிலியர், "வலிக்கு என்ன கொடுத்தார்கள்?" என்று கேட்டார். நான் விழித்தேன். உடனே எடை பார்த்தார்: 20 கிலோ. மருத்துவரிடம் கேட்டு வந்து, கிலோவுக்கு 10 மில்லிகிராம் கணக்கில் 200 மில்லிகிராம் இபுப்ரோஃபென், அதாவது அவரிடமிருந்த சிரப்பில் 10 மில்லி கொடுத்தார். பிறகு முழங்கையையும் சேர்த்து அட்டை வைத்துக் கட்டினார். எலும்பைப் போர்த்தியிருக்கும் சவ்வில் வலி நரம்புகள் அதிகமாம்; முறிந்த முனை அசையும்போதெல்லாம் அதுதான் கத்துகிறது. அசையாமல் கட்டுவதே பாதி மருந்து என்றார். முக்கால் மணி நேரத்தில், "அப்பா, என் ஒரு செருப்பு மரத்தடியிலேயே கிடக்கிறது" என்றாள்.

மருந்து கொடுத்தால் முறிவு தெரியாமல் போய்விடும் என்பார்கள். எக்ஸ்ரே காட்டும் முறிவைச் சிரப் எப்படி மறைக்கும்? 2007-இல் வெளியான, கனடாவின் ஒட்டாவா நகரில் நடந்த ஆய்வு ஒன்றில், அடிபட்ட 6 முதல் 17 வயதினருக்குப் பாராசிட்டமாலையும் கோடீனையும்விட இபுப்ரோஃபென் நன்றாக வலியைக் குறைத்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா, டெங்கு சந்தேகம் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆஸ்பிரின் கூடாது. வலி கடுமையாக இருந்தால் ஃபென்டனில் என்ற வலுவான வலி மருந்தை மருத்துவமனையில் மூக்கில் தெளிக்கும் முறையும் உண்டு, ஊசியே வேண்டாம். எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை.

சாப்பிட மட்டும் எதுவும் கொடுக்காதீர்கள். எலும்பை இழுத்து நேராக்க மயக்க மருந்து தேவைப்படலாம். மாமியார் கொண்டுவந்த இட்லியை அன்று நானே தின்று தீர்த்தேன்.

மாவுக்கட்டு போட்டு வீட்டுக்கு வந்தபின், மருந்து கொடுத்தும் வலி ஏறிக்கொண்டே போனாலோ, விரல்கள் வெளிறி மரத்துப்போனாலோ, நடுராத்திரி என்றாலும் உடனே திரும்பிப் போங்கள். கட்டு இறுகி இரத்த ஓட்டம் தடைபட்டிருக்கலாம்.