செவலையின் குணம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் வீட்டில் ஒரு சிப்பிப்பாறை நாய் இருக்கிறது. பெட்டை. நிறத்தை வைத்துச் செவலை என்றே கூப்பிடுகிறோம். சாயங்காலம் பள்ளி மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போவேன். நாய் வளர்ப்பவர்கள் நான்கைந்து பேர் அங்கே சேருவோம். பேச்சு முழுக்க அவரவர் நாயைப் பற்றித்தான். ஒருவருடைய லாப்ரடார், வீட்டுக்கு யார் வந்தாலும் ஒற்றைச் செருப்பைக் கவ்விக்கொண்டுதான் வரவேற்கப் போகுமாம். இன்னொருவருடைய ராஜபாளையம், அவருடைய அம்மா வைத்தால்தான் சோற்றில் வாய் வைக்கும்.

செவலைக்கும் இப்படி நிறைய உண்டு. மழை தூறினால் வாசல்படியைத் தாண்டாது. தலையணை இல்லாமல் படுக்காது. அப்பா பைக்கில் வந்து சேருவதற்குச் சில நிமிடம் முன்பே கேட் அருகில் போய் நின்றுவிடும். ஏதாவது தப்பு செய்திருந்தால், நான் உள்ளே நுழைந்ததும் காதை ஒட்டவைத்துக்கொண்டு குற்ற உணர்ச்சியோடு பார்க்கும். ஆனால் அணிலைக்கூடத் துரத்தாது. வேட்டை நாய் என்று சொல்லி வாங்கினோம், தெருவில் சிரிக்கிறார்கள்.

இதையெல்லாம் என் மைத்துனரிடம் சொன்னால், “நாய்க்கு ஏதுங்க குணம்? சோறு போட்டா வாலாட்டும். மத்ததெல்லாம் நீங்களா கட்டுற கதை” என்கிறார். அவர் சொல்வது சரியா? வேட்டைக் குணம் இல்லாதது செவலையிடம் உள்ள குறையா? துணைக்கு இன்னொரு குட்டி வாங்க நினைக்கிறோம், எந்த இனம் ஒத்துப்போகும்?

அன்புடன்,
ம., கோவில்பட்டி.

*

அன்புள்ள ம,

உங்கள் மைத்துனர் சொல்வதை நிறையப் படித்தவர்களும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர்கள் உடனே பாவ்லோவைத் துணைக்கு அழைப்பார்கள். குறிப்பிட்ட சத்தம் கேட்டால் சோறு வரும் என்று பழக்கிவிட்டால், பிறகு சத்தத்துக்கே நாய்க்கு எச்சில் ஊறும் என்று காட்டினாரே, அந்த ரஷ்ய விஞ்ஞானி. நாய் வெறும் பழக்கத்தின் கட்டு என்பதற்கு அவரே சாட்சி என்பார்கள்.

ஆனால் பாவ்லோவின் ஆய்வுக்கூடத்தில் நாய்களுக்குப் பெயர் இருந்தது. ஒரே பயிற்சியைக் கொடுத்தாலும் ஒவ்வொரு நாயும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்வதைப் பார்த்து, அவற்றைச் சுபாவ வாரியாகப் பிரிக்கும் வேலையில் இறங்கினார் அவர். 1924 செப்டம்பரில் லெனின்கிராடில் பெருவெள்ளம் வந்தது. நாய்க் கூண்டுகளுக்குள் தண்ணீர் புகுந்து, நாய்களை நீந்தவைத்துத்தான் மீட்க வேண்டியிருந்தது. வெள்ளம் வடிந்த பிறகு பார்த்தால், சில நாய்கள் கற்றதையெல்லாம் இழந்திருந்தன. வேறு சில எதுவுமே நடக்காததுபோல இருந்தன. பாதிக்கப்பட்டதில் ஒன்று மெல்லத் தேறிவந்தது. அப்புறம் ஒருநாள் அறையின் கதவுக்கு அடியில் கொஞ்சம் தண்ணீரை ஓடவிட்டார்கள். அவ்வளவுதான், அது மறுபடி நிலைகுலைந்துபோனது. ஒரே வெள்ளம்தான், ஆனால் ஒவ்வொரு நாய்க்குள்ளும் அது வேறு வேறாக இறங்கியிருக்கிறது. மைத்துனரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

எனக்கு இதை நம்பப் பாவ்லோவும் தேவைப்படவில்லை. எங்கள் வீட்டில் ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு தெருநாய்க் குட்டிகள் வளர்ந்தன, கருப்பனும் பொட்டும். ஒரே தாய்ப்பால், ஒரே தட்டு, ஒரே சாக்கு. குக்கர் விசில் அடித்தால் கருப்பன் பின்வாசல் வழியாக ஓடிப்போய்த் துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் ஒடுங்கிக்கொள்வான். பொட்டு அதே விசிலுக்கு எழுந்து, சோம்பல் முறித்து, அடுக்களை வாசலில் வந்து உட்காருவாள். கருப்பனுக்கு பிஸ்கட் கொடுத்தால் கையிலேயே தின்பான். பொட்டு வாங்கிக்கொண்டு போய் முருங்கை மரத்தடியில் புதைத்து, மூக்காலேயே மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோலத் திரும்பி வருவாள். மறுநாள் அதைத் தோண்டித் தின்ன வேண்டுமே? மாட்டாள். சேர்த்துவைப்பதில்தான் அவளுக்கு நிம்மதி என்று எனக்குத் தோன்றும்.

அப்புறம் கோலம். பொட்டு வாசல் கோலத்தை மிதிக்கமாட்டாள், சுவரோரமாகச் சுற்றிக்கொண்டுதான் போவாள். சின்ன வயதில் ஒருமுறை அம்மாவிடம் வாங்கிய அதட்டல் அவளுக்கு அப்படிப் பதிந்துவிட்டது. கருப்பனும் அதே அதட்டலை எத்தனையோ முறை வாங்கியவன்தான். கடைசிவரை கோலத்தின் நடுவில்தான் படுத்துக்கொண்டான். மாவின் குளிர்ச்சி வயிற்றுக்கு இதமாக இருந்திருக்கலாம். வளர்ப்பு ஒன்று, வயிறு ஒன்று, வீடு ஒன்று. அப்படியிருந்தும் இரண்டும் இரண்டு ஆட்கள்.

எந்த இனம் என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் இனத்தைப் பற்றியே கொஞ்சம் பேச வேண்டும். 2022இல் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி அவற்றை வளர்ப்பவர்களிடமே நூற்றுக்கும் அதிகமான கேள்விகளைக் கேட்டார்கள். உங்கள் மைதானத்தில் நடக்கும் அதே பேச்சைத்தான் முறையாகத் திரட்டியிருக்கிறார்கள் என்று சொல்லலாம். அவற்றில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுவையும் படித்தார்கள். நாய்க்கு நாய் நடத்தையில் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ 9 சதவீதத்தைத்தான் இனத்தைக் கொண்டு விளக்க முடிந்தது. மனிதர் சொல்வதைக் கேட்டு நடப்பது போன்ற சில குணங்களில் இனத்தின் பங்கு கூடுதல், அதையும் சொல்லிவிட வேண்டும். அவை பெரும்பாலும் அமெரிக்க நாய்கள், சிப்பிப்பாறைக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்த மாட்டேன். ஆனாலும் ‘லாப்ரடார் என்றால் சாது, ராஜபாளையம் என்றால் கோபக்காரன்’ என்று நாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்வதை நிறுத்த அது போதும்.

இனம் உறுதியாகக் கொடுப்பது உடம்பை. செவலையின் உடம்பைப் பாருங்கள். ஒடுங்கிய முகம், ஆழமான மார்பு, ஒட்டிய வயிறு, தோலோடு தோலாகக் கிடக்கும் குட்டை மயிர், மருந்துக்கும் கொழுப்பு கிடையாது. கண்ணால் பார்த்துத் துரத்தி ஓடுவதற்காகக் கரிசல் காட்டுக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த உடம்பு அது. அந்த உடம்புக்கு மழைத்துளி நேராகத் தோலில் விழுவதுபோல இருக்கும். முழங்கை எலும்பு தரையில் குத்தும். அதனால் அது தலையணை தேடுவதில் ஆச்சரியமே இல்லை, வெறுந்தரையில் படுக்கும் ஒல்லி நாய்களுக்கு முழங்கை காய்த்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். தலையணையைப் பிடுங்காதீர்கள். மார்கழிப் பனியில் பழைய போர்வை ஒன்றையும் போடுங்கள்.

துரத்தாததை ஏன் குறை என்கிறீர்கள்? வேட்டைக்கு வளர்த்த காலத்தில் குட்டியைத் தேர்ந்த நாய்களோடு காட்டுக்குக் கூட்டிப்போய்ப் பழக்கினார்கள். செவலை கோவில்பட்டியில் ஒரு வீட்டுத் திண்ணையில் வளர்ந்தது. தவிர, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம். அணிலைப் பார்த்துவிட்டுப் பேசாமல் படுத்துக்கொள்ளும் சிப்பிப்பாறை உங்கள் தெருவுக்கு ஒரு வரம். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். ஒன்று மட்டும், மைதானத்தில் வாரை அவிழ்த்துவிட வேண்டாம். அணிலுக்கு அசையாத நாய், தூரத்தில் ஒரு ஆட்டுக்குட்டி ஓடினால் ஒரே பாய்ச்சலில் போய்விடலாம். அந்த வேகத்தில் கிளம்பிய நாயின் காதில் நம் குரல் விழாது.

குற்ற உணர்ச்சி விஷயத்தில் மட்டும் உங்கள் மைத்துனர் பக்கம் நிற்கிறேன், பாதி தூரம்.

நியூயார்க்கில் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் இதை 14 நாய்களை வைத்துச் சோதித்து 2009இல் வெளியிட்டார். தின்னக்கூடாது என்று சொல்லிவிட்டு வளர்ப்பவர் வெளியே போவார். அவர் இல்லாதபோது சில தடவை அந்தத் தின்பண்டத்தை ஆய்வாளரே நாய்க்குக் கொடுத்துவிடுவார், சில தடவை கொடுக்கமாட்டார். திரும்பி வரும் வளர்ப்பவரிடம் நாய் தின்றதா இல்லையா என்பதை மாற்றியும் சொல்வார்கள். நீங்கள் சொல்லும் அந்த முகம், காதை ஒட்டவைத்துக்கொண்டு பார்வையைத் தாழ்த்துவது, நாய் தின்றதா என்பதைப் பொறுத்து வரவில்லை. வளர்ப்பவர் திட்டினாரா என்பதைப் பொறுத்து வந்தது. தின்னவே தின்னாத நாயும் திட்டு வாங்கியபோது அதே முகத்தைக் காட்டியது, இன்னும் அதிகமாகவே.

செவலை படிப்பது உங்கள் முகத்தை. நீங்கள் வாசலில் நின்று கிழிந்த செருப்பைப் பார்த்த அந்த நொடியில் உங்கள் தோள் இறுகுவதும் நடை மாறுவதும் அதற்குத் தெரிந்துவிடுகிறது. ‘அடி வரப்போகிறது, கோபிக்காதே’ என்று கெஞ்சுகிறது. தப்பு செய்தது அதற்கே தெரிகிறது என்று நம்பித்தான் எத்தனையோ வீடுகளில், எப்போதோ செய்ததற்கு இப்போது நாயை அடிக்கிறார்கள். அந்த அடி எதற்கு என்று நாய்க்குப் புரியவே புரியாது. இந்த ஒரு காரணத்துக்காகவே நாயைப் பற்றிச் சொல்லும்போது, அது என்ன செய்தது என்பதை முதலில் சொல்லி, என்ன நினைத்தது என்பதை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கிறேன்.

அப்பாவின் பைக் விஷயத்தையும் அப்படியே பாருங்கள். நமக்கு 20,000 ஹெர்ட்ஸோடு கேட்பது முடிந்துவிடுகிறது. நாய்களுக்கு 40,000ஐயும் தாண்டிக் கேட்கும். தெருமுனைக்கு வருவதற்குள்ளேயே அந்த பைக்கின் இன்ஜின் சத்தத்தைத் தனியாகப் பிரித்து அறிந்துகொள்வது செவலைக்குப் பெரிய காரியமில்லை. இல்லை, நேரத்தைக்கூடப் பழகியிருக்கலாம். ஒருநாள் அப்பாவை வேறு நேரத்தில், வேறு வண்டியில் வரச் சொல்லுங்கள். எந்தப் பதில் வந்தாலும் அதன் பெருமை குறையாது. இத்தனை வண்டிகள் போகும் தெருவில் ஒரே ஒரு வண்டிக்கு மட்டும் எழுந்து போய் நிற்கிறது, அதைத்தான் நான் குணம் என்கிறேன்.

இந்தப் பேச்சு பொழுதுபோக்குக்கு மட்டும் உதவும் ஒன்றில்லை. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் வெள்ளை ராஜபாளையம் குட்டி ஒன்றைத் திமிர் பிடித்தது என்று கட்டிப்போட்டே வளர்த்தார்கள். கூப்பிட்டால் திரும்பாது. தூங்கும்போது தொட்டால் சீறும். ஒருநாள் அது தூங்கும்போது பின்னாலிருந்து பாத்திரத்தைத் தட்டிப் பார்த்தோம், காதுகூட அசையவில்லை. அதற்குக் காது கேட்கவில்லை. மேல் முழுக்க வெள்ளையாகப் பிறக்கும் நாய்களிடம் பிறவிச் செவிடு கூடுதலாகக் காணப்படும், ராஜபாளையம் வளர்ப்பவர்கள் பலருக்கும் இது தெரியும். அப்புறம் கையசைத்துக் கூப்பிடப் பழக்கினார்கள். தொடுவதற்கு முன் தரையைத் தட்டி அதிர்வு கொடுத்தார்கள். அந்தச் சீறல் நின்றது. திமிர் என்ற ஒரு சொல்லை ஒட்டிவிட்டு அதற்குமேல் பார்க்காமல் இருந்ததால் அந்தக் குட்டி எவ்வளவு நாள் சங்கிலியில் கிடந்தது!

நாயை இப்படிக் கவனித்துப் பார்க்கும் பழக்கம் நோயிலும் கைகொடுக்கும். செவலை என்றைக்காவது தலையணையை விட்டுவிட்டு மூலையில் போய்ப் படுத்தால், பைக் சத்தத்துக்கு எழாமல் கிடந்தால், அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். உண்ணிக் காய்ச்சல் பல சமயம் இப்படித்தான் ஆரம்பிக்கும், சோர்வும் சோற்றில் விருப்பமின்மையுமாக. “வழக்கமா எப்படி இருக்கும்?” என்று மருத்துவர் கேட்பார். மைதானத்தில் பேசிப் பேசி உங்களுக்கு அந்தப் பதில் தயாராக இருக்கும்.

இனி இரண்டாவது குட்டி. எந்த இனம் என்பதைவிட எந்தக் குட்டி என்று பாருங்கள். அது பிறந்த இடத்துக்கே போங்கள். தாய் நாய் உங்களைப் பார்த்து ஒடுங்குகிறதா, தேடி வருகிறதா என்று கவனியுங்கள். ஈற்றில் உள்ள குட்டிகளோடு கொஞ்ச நேரம் தரையில் உட்காருங்கள். எட்டு வாரம் ஆகாத குட்டியை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். தாயோடும் கூடப்பிறந்ததோடும் இருந்துதான் அது கடிக்கும் அளவையும் விளையாடும் முறையையும் கற்கிறது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் செவலை நிதானமானவள். மேலே விழுந்து விழுந்து விளையாடும் குட்டி அவளுக்கு ஒத்துவராது என்று நினைக்கிறேன். தடுப்பூசி போட்டு முடித்த பிறகு, உங்கள் வீட்டில் வைக்காமல் வெளியே பொது இடத்தில் இருவரையும் சந்திக்கவிடுங்கள். தட்டும் தலையணையும் ஆளுக்கொன்று வேண்டும். தெருவில் கிடக்கும் குட்டி ஒன்றுக்கு இடம் கொடுத்தால் இன்னும் சந்தோஷப்படுவேன்.

குட்டி வந்ததும் எழுதுங்கள். பெயரையும், அது முதல் வாரத்தில் என்னென்ன செய்தது என்பதையும் விவரமாக எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்