கரையில் ஒருவரும் இல்லாத பத்து வரிகள்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் இளங்கலை ஆங்கில இலக்கியம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். டி.எஸ். எலியட்டின் ‘வேஸ்ட் லேண்ட்’ என்ற நெடுங்கவிதை எங்களுக்குப் பாடம். கிரேக்கமும் லத்தீனும் அறியாத நாங்கள் வரிக்கு வரி கைடைப் பார்த்து மனப்பாடம் செய்கிறோம். கடலிலிருந்து திரும்பிய அப்பா, “என்னம்மா படிக்கிற, சொல்லு கேப்போம்” என்றபோது ஒரு வரியைக்கூட என்னால் விளக்க முடியவில்லை. இக்கவிதையைப் படிக்கும் தகுதி எங்களுக்கு இல்லையா?
– ஒரு மாணவி, பாம்பன்

பதில்: தகுதியைப் பற்றிய கவலையை முதலில் விடுங்கள். 1922-இல் இக்கவிதை இதழ்களில் வெளிவந்தபோது அதனுடன் ஒரு விளக்கக் குறிப்புகூட இல்லை. அந்த ஆண்டின் இறுதியில் அது புத்தகமானபோதுதான் எலியட் குறிப்புகளைச் சேர்த்தார். அவை வாசகர்களை வீண் தேடலில் அலையவிட்டதாகப் பிற்காலத்தில் அவரே வருந்தியும் இருக்கிறார். முதல் வாசகர்கள் வெறும் கவிதையைத்தான் படித்தார்கள். நீங்களும் ஒரு முறையாவது கைடை மூடிவைத்துவிட்டு, வாய்விட்டுப் படியுங்கள்.

ஆனால் முதல் வரியிலிருந்து தொடங்க வேண்டாம். ஐந்து பகுதிகளில் மிகச் சிறியது நான்காவது; தண்ணீரில் நேரும் சாவைப் பற்றிய பத்தே வரிகள். ஃபிளெபாஸ் என்னும் ஃபினீசியன் (பழங்காலக் கடல் வணிக இனத்தவன்) இறந்து இரண்டு வாரம் ஆகிறது. கடற்காகங்களின் கூவலையும், ஆழ்கடலின் அலையெழுச்சியையும், லாப நட்டக் கணக்கையும் அவன் மறந்துவிட்டான். கடலடி நீரோட்டம் ஒன்று கிசுகிசுத்தபடி அவன் எலும்புகளைப் பொறுக்குகிறது. எழுந்தும் தாழ்ந்தும் தன் முதுமையையும் இளமையையும் கடந்து அவன் சுழலுக்குள் போகிறான். பிறகு கவிதை, சுக்கான் சக்கரத்தைத் திருப்பிக்கொண்டு காற்று வரும் திசையை நோக்குகிறவனைப் பார்த்து, உன்னைப் போலவே ஒரு காலத்தில் அழகும் உயரமுமாக இருந்தவனை எண்ணிப்பார் என்கிறது.

இதில் எந்த வரிக்கு உங்களுக்குக் கைடு வேண்டும்? வடகடலுக்கும் தென்கடலுக்கும் நடுவே பாம்பன் கால்வாயில் நீர் இழுக்கும் இழுப்பைச் சிறுவயது முதல் பார்த்திருக்கிறீர்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நீரோட்டம் எலும்பைப் பொறுக்கும் என்ற வரியைப் பேராசிரியர்கள் உருவகமாக விளக்குவார்கள். உங்கள் ஊரில் அது செய்தியும்கூட.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இப்பகுதி கைப்பிரதியில் மிக நீளமாக இருந்தது. அமெரிக்காவின் வடகிழக்குக் கரையிலிருந்து மீன்பிடிக்கப் போகும் ஒரு கப்பலின் பயணமும் அழிவும் அதில் இருந்தன. எலியட்டின் நண்பரும் கவிஞருமான எஸ்ரா பவுண்ட் ஏறத்தாழ 80 வரிகளை வெட்டினார். மனம் தளர்ந்த எலியட் ஃபிளெபாஸையும் நீக்கிவிடலாமா என்று கேட்டபோது, கூடாது, கவிதைக்கு அவன் இன்றியமையாதவன் என்று பவுண்ட் உறுதியாக மறுத்தார். எனவே, மீனவர் கதையொன்று வெட்டுண்டு போன இடத்தில் மிஞ்சிய வரிகளைத்தான் நீங்கள் படிக்கிறீர்கள்.

ஓர் எச்சரிக்கை: கடல் வந்துவிட்டதென்று உடனே நெய்தல் திணையைக் கொண்டுவந்து பொருத்திவிடாதீர்கள். நெய்தலின் இரங்கல், கரையில் காத்திருப்பவளின் இரங்கல். இந்தப் பத்து வரிகளில் கரையில் ஒருவரும் இல்லை. அழுவதற்கு ஆள் இல்லாத சாவு இது. இந்த வேறுபாட்டைத் தேர்வில் எழுதினால், மனப்பாடம் செய்த பத்துப் பக்கத்தைவிட அது பெறுமானம் உள்ளது என்பேன். அப்பாவிடம் இப்பகுதியைத் தமிழில் சொல்லுங்கள். சுக்கான் பிடிப்பவன் ஏன் காற்று வரும் பக்கத்தைப் பார்க்கிறான் என்று அவரிடமே கேளுங்கள்.

கேள்வி: இதே கவிதையைக் கற்பிக்கிறேன். “இதற்குச் சரியான பொருள் எது, சார்?” என்று மாணவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் கேட்கிறார்கள். என்ன சொல்வது?
– ஓர் ஆசிரியர், கீழக்கரை

பதில்: விடை ஐந்தாம் பகுதியிலேயே இருக்கிறது. அங்கே பாறைதான் உண்டு, தண்ணீர் இல்லை. இடி இடிக்கிறது, மழை இல்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்ற சிலப்பதிகாரக் கருத்தை இங்கே நினைவூட்டலாம். ‘தண்ணியில்லாக் காடு’ என்று பெயரெடுத்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு அது எளிதில் பிடிபடும். அதன் பிறகு இடி ‘த’ என்று ஒலிக்கிறது. இடியின் அந்தச் சொல்லை, ஹார்வர்டில் சமஸ்கிருதம் பயின்ற எலியட் பிருகதாரண்யக உபநிடதத்திலிருந்து எடுத்தார்.

அந்தச் சொல் வரும் உபநிடதக் கதையே ஒரு வகுப்பறைக் கதை. தேவர்களும் மனிதர்களும் அசுரர்களும் படைப்புக் கடவுளான பிரஜாபதியிடம் மாணவர்களாக இருந்து, இறுதியில் உபதேசம் கேட்கிறார்கள். மூவருக்கும் அவர் ‘த’ என்ற ஒரே எழுத்தைச் சொல்கிறார். தேவர்கள் அதை ‘அடங்குங்கள்’ என்றும், மனிதர்கள் ‘கொடுங்கள்’ என்றும், அசுரர்கள் ‘இரக்கம் காட்டுங்கள்’ என்றும் கொள்கிறார்கள். ‘ஆம், புரிந்துகொண்டீர்கள்’ என்று மூன்று தரப்பினரிடமும் அவர் சொல்கிறார்.

இதனால் எதை வேண்டுமானாலும் பொருளாகச் சொல்லலாம் என்று ஆகிவிடாது. தம்யத, தத்த, தயத்வம் என்ற மூன்று சொற்களும் அந்த எழுத்தில்தான் தொடங்குகின்றன. மாணவர் சொல்லும் பொருளும் அப்படிக் கவிதையின் ஏதேனும் ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டிருக்க வேண்டும். அடுத்த வகுப்பில் ‘த’ என்று மட்டும் கரும்பலகையில் எழுதி இந்தக் கதையைச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொருவரும் தமக்குப் பிடிபட்ட ஒரு வரியைப் படித்து, அதில் எந்தச் சொல் தம்மை நிறுத்தியது என்று கூறட்டும். நீங்கள் கடைசியில் பேசுங்கள்.