சிந்தெடிக் ஆயிலை எப்போது மாற்றுவது என்று ஆயில் பரிசோதனை சொல்லுமா?

10,000 கிலோமீட்டரில் மாற்றச் சொன்ன சிந்தெடிக் ஆயிலை 15,000 வரை ஓட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓடிய எஞ்சின் ஆயிலில் ஒரு மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பிச் செய்யும் பரிசோதனை இதற்கு நல்ல பதில் தரும், ஆனால் ஒரே அறிக்கையை நம்பி முடிவெடுக்காதீர்கள். நிறத்தைப் பார்ப்பதும் வீண். டீசல் எஞ்சினில் புது ஆயில்கூடச் சீக்கிரமே கறுத்துவிடும்.

அறிக்கையில் நான் முதலில் பார்ப்பது டிபிஎன் (மொத்தக் கார எண்). எரிபொருள் எரியும்போது உண்டாகும் அமிலத்தை முறிக்க ஆயிலில் மிச்சமிருக்கும் காரத்தின் அளவு அது. ஓட ஓட அது இறங்கும், ஆயிலில் சேர்ந்த அமிலத்தைக் காட்டும் அமில எண் ஏறும். இரண்டும் நெருங்கிவிட்டால் ஆயிலை மாற்றிவிடுங்கள். அப்புறம் பாகுநிலை, அதாவது ஆயிலின் கெட்டித்தன்மை: 5டபிள்யூ-30 தர ஆயில் என்றால் 100 டிகிரி செல்சியஸில் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்குக்குள் (பாகுநிலையின் அலகு) இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் பெட்ரோலோ டீசலோ கலந்திருக்கலாம்.

எஞ்சின் தேய்ந்து ஆயிலில் கலக்கும் உலோகங்களில் இரும்பின் மொத்த அளவைவிட, 1,000 கிலோமீட்டருக்கு எவ்வளவு ஏறுகிறது என்பதே முக்கியம். சிலிக்கானும் கூடவே ஏறினால் ஏர் ஃபில்டர் வழியாகத் தூசி நுழைகிறதா என்று பாருங்கள். சோடியமும் பொட்டாசியமும் கூலண்ட் கசிவைக் காட்டலாம். ஆனால் சில ஆயில்களில் சோடியம் சேர்மானமாகவே இருக்கும். அதனால் ஒப்பிட்டுப் பார்க்க, அதே ஆயிலின் பிரிக்காத டப்பாவிலிருந்தும் ஒரு மாதிரி அனுப்புங்கள்.

இரும்பு குறைவாக வந்ததை வைத்து ஒரு பிராண்டை உயர்த்திப் பேசுவது சரியில்லை. உலோகங்களை அளக்கும் வழக்கமான கருவியான ஸ்பெக்ட்ரோமீட்டர் பெரிய துகள்களைச் சரியாகக் காட்டாது, வண்டி ஓட்டும் விதமும் இரும்பின் அளவை மாற்றும். எஞ்சின் சூடாக இருக்கும்போது, வடியும் ஆயிலின் நடுப்பகுதியில் மாதிரி பிடியுங்கள். வாரண்டி முடியும்வரை கையேட்டில் உள்ள இடைவெளியைத் தாண்ட வேண்டாம்.