பக்கவாத்தியமா டிக்கி பெட்ஸ்?

கேள்வி: ஆல்மன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க ராக் குழு என்றாலே அதன் கிதார் கலைஞர் டுவேன் ஆல்மனைத்தான் கொண்டாடுகிறார்கள். இன்னொரு கிதார் கலைஞரான டிக்கி பெட்ஸ் அவருக்குப் பக்கவாத்தியம் மட்டும்தானா?

பதில்: யார் சொன்னது? ஒருவர் முன்னால் நின்று வெளுத்துக்கட்ட, இன்னொருவர் ஓரமாகத் தாளம் போட்டுக்கொண்டிருப்பது என்ற ஏற்பாடே அந்தக் குழுவில் கிடையாது. ஒரே மெட்டை இருவரும் சேர்ந்து பிடிப்பார்கள், ஒருவர் மேல் ஸ்வரத்தில், மற்றவர் சற்றுக் கீழே. அப்புறம் ஆளுக்கொரு திசையில் கிளம்பிப்போய், சொல்லிவைத்தாற்போல் ஒரே இடத்தில் வந்து சேர்வார்கள். 1971 மார்ச்சில் நியூயார்க் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் பதிவான 'இன் மெமரி ஆஃப் எலிசபெத் ரீட்' கேளுங்கள். எழுதியவர் பெட்ஸ். (மனதில் இருந்தது வேறொரு பெண். அவர் பெயர் வெளியே வரக்கூடாதென்று, ஜார்ஜியாவின் மேக்கன் நகரக் கல்லறைத் தோட்டத்தில் ஒரு கல்லில் பார்த்த பெயரை வைத்துவிட்டார். கில்லாடி!)

அதே வருடம் அக்டோபரில் டுவேன் மேக்கன் நகரில் மோட்டார்சைக்கிள் விபத்தில் இறந்தபோது வயது 24. அடுத்த வருடம் பேஸ் கிதார் வாசித்த பெரி ஓக்லியும் அதே ஊரில், அதே மாதிரி விபத்தில் போய்விட்டார். வேறு குழுவாக இருந்தால் கடையை மூடியிருக்கும். 1973-இல் பெட்ஸ் எழுதிப் பாடிய 'ராம்ப்ளின் மேன்' அமெரிக்காவின் பிரபலமான பாடல்களை வரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலில் 2-ஆம் இடம் வரை ஏறியது. அந்தக் குழுவின் வேறெந்தப் பாட்டும் முதல் பத்துக்குள் வந்ததில்லை.

கேள்வி: பெட்ஸ் தன் 'ஜெசிக்கா' என்ற மெட்டை இரண்டே விரலில் வாசிக்கும்படி அமைத்தாராமே?

பதில்: ஆமாம், ஜாங்கோ ரைன்ஹார்ட்டுக்கு மரியாதையாக. தீ விபத்தில் இடக்கை விரல்கள் இரண்டு முடங்கியும் ஜாஸ் கிதாரில் கொடிகட்டிப் பறந்தவர் அவர். பெட்ஸுக்கு மெட்டு பாதியில் மக்கர் செய்திருக்கிறது. அந்த நேரம் பார்த்து அவருடைய குழந்தை ஜெசிக்கா தவழ்ந்து வர, அவளுடைய துள்ளலுக்கு ஏற்ப விரலை ஓட்டியதில் மெட்டு பிடிபட்டு, பெயரும் கிடைத்துவிட்டது. 1996-இல் அதன் மேடைப் பதிவுக்குக் கிராமி விருது.

கேள்வி: பிறகு ஏன் பெட்ஸைக் குழுவிலிருந்து வெளியேற்றினார்கள்?

பதில்: 2000-இல், அதுவும் ஃபேக்ஸில் ஒரு கடிதம் அனுப்பி. குடி, முன்கோபம் என்று காரணங்கள் பேசப்பட்டன. எதுவானாலும், முப்பது வருடம் கூட வாசித்தவரிடம் நேரில் சொல்லியிருக்கலாம். அவர் 'கிரேட் சதர்ன்' என்ற தன் குழுவோடு ஊர் ஊராகப் போனார். மகன் டுவேனும் கூடவே கிதார் வாசித்தார். ஆம், அந்த டுவேனின் பெயர்தான். பெட்ஸ் 2024 ஏப்ரலில், 80 வயதில் காலமானார்.

கேள்வி: தனி ஆல்பத்தில் எதைக் கேட்கலாம்?

பதில்: 1974-இல் வந்த 'ஹைவே கால்'. அப்பா ஃபிடில் (நாட்டுப்புற பாணி வயலின்) வாசித்த வீட்டில் வளர்ந்தவர் என்பது அதில் பளிச்சென்று தெரியும். வாஸர் கிளெமென்ட்ஸின் ஃபிடிலும் இவர் கிதாரும் போட்டிபோடும் 'ஹேண்ட் பிக்ட்' நீளம்தான், ஆனாலும் பாதியில் நிறுத்தாதீர்கள்.