ஊருணி தூர்வாரிய கணக்கை மாநகராட்சியிடம் எப்படிக் கேட்டு வாங்குவது?

"காரைக்குடியில் எங்கள் தெரு ஊருணியைத் தூர்வாரியதாகப் பலகை வைத்திருக்கிறார்கள். வேலை நடந்த மாதிரியே தெரியவில்லை. கணக்கைக் கேட்டால் தருவார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தந்தே ஆக வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருப்பதே அதற்குத்தான். ஆனால் கேட்கிற விதம் ரொம்ப முக்கியம். நம் பக்கத்தில் தெரிந்தவர்களுக்கு இந்த மனுக்களை எழுதிக் கொடுத்து வருகிறேன், அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

நிறைய பேர் மனுவில் கேள்விகளாக அடுக்குகிறார்கள். "ஏன் சரியாகத் தூர்வாரவில்லை? யார் பொறுப்பு? எப்போது நடவடிக்கை?" எல்லாம் நியாயமான கேள்விகள். ஆனால் அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் ஆவணத்தைத்தான் இந்தச் சட்டப்படி வாங்க முடியும். இல்லாத தகவலைப் புதிதாக உருவாக்கித் தரும் கடமை அலுவலருக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றமே 2011-ல் சொல்லிவிட்டது. "ஏன்" என்று எழுதினால், "வினா வடிவில் உள்ளது, தகவல் என்ற வரையறைக்குள் வராது" என்று ஒரு வரியில் பதில் வந்துவிடும். அதனால் ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

தூர்வாரும் வேலை என்றால் மன்றத் தீர்மானம், எஸ்டிமேட், ஒப்பந்தப்புள்ளி ஒப்பீட்டுப் பட்டியல், பணி ஆணை, எம் புக், பில், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள் ஆகியவை கோப்பில் இருக்க வேண்டும். இதில் எம் புக் எனப்படும் அளவுப் புத்தகத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். பொறியாளர் நேரில் அளந்து நீளம், அகலம், ஆழம் என்று எழுதிக் கையெழுத்துப் போடும் புத்தகம் அது. அதில் உள்ள அளவை வைத்துத்தான் பில் போடுவார்கள். எத்தனை கனமீட்டர் மண் எடுத்ததாகக் கணக்கு, அந்த மண்ணை எவ்வளவு தூரம் கொண்டுபோனதாகக் காட்டியிருக்கிறார்கள் என்பதெல்லாம் எம் புக்கிலும் எஸ்டிமேட்டிலும் தெரிந்துவிடும். நான் எழுதிக் கொடுத்த ஒரு மனுவில் வந்த எம் புக் நகலில் ஊருணி முழுவதற்கும் ஒரே ஆழம் போட்டிருந்தது. நடுவில் பள்ளமாகவும் கரையோரம் மேடாகவும் இருக்கிற தரைக்கு அது எப்படிப் பொருந்தும்? அந்த ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு வார்டு உறுப்பினரிடம் பேசியபோது பேச்சே வேறு மாதிரி இருந்தது.

இன்னொன்றையும் பார்க்கச் சொல்வேன். செட்டிநாட்டு ஊர்களில் வீட்டுக் கூரையிலும் தெருவிலும் விழுகிற மழைத் தண்ணீர் ஊருணிக்குப் போய்ச் சேரும்படி வாட்டம் பார்த்துத்தான் தெருக்களையே அமைத்தார்கள். அந்தத் தண்ணீரைக் கொண்டுவரும் வாய்க்காலான வரத்துக்கால் அடைந்து கிடந்தால் ஊருணியை எவ்வளவு ஆழப்படுத்தினாலும் தண்ணீர் வராது. எஸ்டிமேட்டில் வரத்துக்கால் வேலை சேர்ந்திருக்கிறதா, சேர்ந்திருந்தால் எத்தனை மீட்டர் என்று தேடிப் பாருங்கள். எனக்கு இதுதான் பெரிய கவலை. பாறாங்கல் படித்துறையோடு நல்ல ஊருணி இருந்தும், வரத்துக்கால் மேல் சிமெண்ட் போட்டதால் வறண்டு கிடக்கிற ஊர்கள் நம் பக்கம் இருக்கின்றன.

மனுவைப் பொதுத் தகவல் அலுவலர், மாநகராட்சி அலுவலகம் என்று முகவரியிட்டு, தமிழிலேயே எழுதலாம். 10 ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதுவும் வேண்டாம், சான்று வைத்தால் சரி. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று நீங்கள் சொல்லத் தேவையில்லை, அவர்கள் அதைக் கேட்கவும் கூடாது. பெயர் வெளியே தெரிந்துவிடுமோ என்று தயங்கினால் தெருவில் நாலைந்து பேர் ஆளுக்கொரு மனுவாகப் போடுங்கள். எழுதத் தெரியாத ஆச்சி நேரில் போய் வாயால் சொன்னால், அதை எழுத்தில் கொண்டுவர உதவ வேண்டியதும் அந்த அலுவலரின் கடமை.

2024-ல் காரைக்குடி மாநகராட்சியானபோது கோட்டையூர், கண்டனூர் போன்ற பக்கத்து ஊர்களும் சேர்ந்தன. பழைய பேரூராட்சிக் காலத்துக் கோப்பு எங்கே இருக்கிறது என்று நீங்கள் அலைய வேண்டாம். வேறு அலுவலகத்துக்கு உரியது என்றால் 6(3) பிரிவின்படி 5 நாட்களுக்குள் அவர்களே மாற்றி அனுப்பிவிட்டு உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். எம் புக்கில் உள்ள நீள அகலத்தோடு ஒப்பிட, ஊருணியின் மொத்தப் பரப்பு வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் இருக்கும், சர்வே எண் தெரிந்தால் அரசின் இணையதளத்திலேயே பார்த்துவிடலாம்.

மனுவின் கடைசியில், "பிரிவு 2(ஜே)-யின்படி மேற்கண்ட கோப்பை நேரில் பார்வையிடவும், குறிப்பெடுக்கவும், தேவையான பக்கங்களுக்குச் சான்றிட்ட நகல் பெறவும் விரும்புகிறேன்" என்று ஒரு வரி சேருங்கள். இது பலருக்குத் தெரியாத உரிமை. முதல் ஒரு மணி நேரம் பார்ப்பதற்குக் கட்டணம் கிடையாது. நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். கோப்பை மொத்தமாகப் புரட்டினால்தான் நாம் பெயர் தெரியாமல் கேட்காமல் விட்ட தாளும் கண்ணில் படும். நடந்த வேலையைப் பார்வையிடவும், போட்ட பொருளின் மாதிரியைச் சான்றோடு எடுக்கவும்கூட இதே பிரிவில் இடம் இருக்கிறது.

பதில் தர 30 நாள். தாண்டிவிட்டால் நகலை இலவசமாகவே தர வேண்டும். பதில் வராவிட்டாலும், அரைகுறையாக வந்தாலும், அடுத்த 30 நாட்களுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். "கோப்பு தேடப்படுகிறது" என்று வந்த பதிலுக்கு மேல்முறையீடு போட்டதும் கோப்பு கிடைத்துவிட்டதை நான் பார்த்திருக்கிறேன். அங்கேயும் நடக்கவில்லை என்றால் 90 நாட்களுக்குள் சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போகலாம். காரணமில்லாமல் தாமதித்த அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய் வீதம், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை ஆணையம் தண்டம் விதிக்கலாம். அப்புறம், இந்தச் சட்டம் இந்தியக் குடிமக்களுக்கு மட்டும்தான். மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ குடியுரிமை வாங்கிவிட்ட பங்காளி பெயரில் போட்டுவிடாதீர்கள்.

மனு இந்த வாரமே போகட்டும். எம் புக்கில் உள்ள ஆழத்தைத் தரையில் இறங்கி அளந்து பார்க்க ஊருணி காய்ந்திருக்க வேண்டும். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் அடுத்த கோடை வரை அளக்க முடியாது.