வாடகையோடு கலந்த கைமாற்று

கேள்வி: சித்தப்பா வீட்டு மாடியில் பத்து மாதமாக வாடகைக்கு இருக்கிறேன். எழுத்து ஒப்பந்தம் கிடையாது. அவசரம் என்று அவர் கேட்டபோதெல்லாம், "வாடகையில் கழித்துக்கொள்ளலாம்" என்ற பேச்சை நம்பி, கிரெடிட் கார்டில் எடுத்துக் கொடுத்தேன். இப்போது இரண்டு மாத வாடகை பாக்கி என்கிறார். என் கணக்குப்படி நான்தான் கூடுதலாகக் கொடுத்திருக்கிறேன். மனஸ்தாபம் வராமல் இருக்க, தனிநபர் கடன் வாங்கிக் கட்டிவிடலாமா?

பதில்: கடன் வாங்க வேண்டாம். வாடகையைத் தேதி தவறாமல் கொடுப்பது, ரசீது வாங்குவது போன்றவை நீங்கள் அறியாதவை அல்ல. ஆகவே வாடகையையும் கைமாற்றையும் ஒன்றாகக் கலந்து கொடுக்கும் பழக்கத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நீங்கள் எழுதிய தொகைகளை, மாத வாடகை 100 என்று வைத்துச் சுருக்கிப் பார்த்தேன். பத்து மாதத்துக்குச் சேர வேண்டியது 1,000, கொடுத்தது 1,060; ஆகவே 60 கூடுதல் என்கிறீர்கள். சித்தப்பாவோ அதில் 260 கைமாற்று, அதைப் பிறகு திருப்பித் தருவேன், வாடகையாக வந்தது 800 மட்டுமே என்கிறார். இருவர் கணக்கிலும் கூட்டல் பிழை இல்லை. ஐந்தாம் மாதம் ஒரே தடவையில் அனுப்பிய 180-க்கு எதிரே "அனுப்பிவிட்டேன்" என்று மட்டும் குறித்திருக்கிறீர்கள். அதில் வாடகை எவ்வளவு, கைமாற்று எவ்வளவு என்று மூன்றாம் மனிதர் எவராலும் சொல்ல முடியாது.

வீட்டுக்காரர் நமக்குத் தர வேண்டிய பணத்தை, அவருடைய எழுத்துச் சம்மதம் இல்லாமல் நாமே வாடகையில் கழித்தால், பல நாடுகளில் அது வாடகை பாக்கியாகவே கருதப்படும். குறிப்பிட்ட அளவு பாக்கி சேர்ந்துவிட்டால் வீட்டைக் காலி செய்யக் கோருவதற்கு அதுவே போதுமான காரணமாகிவிடும். எந்த மாதத்துக்கு என்று குறிப்பிடாமல் அனுப்பும் பணத்தை, பெறுபவர் பழைய பாக்கிக்கு வரவு வைத்துக்கொள்ளவும் பல நாடுகளின் ஒப்பந்தச் சட்டம் இடம் தருகிறது. முன்பணம் இருக்கிறதே என்று கடைசி மாதங்களில் வாடகையை நிறுத்துபவர்களும் இதே இடத்தில்தான் சிக்குகிறார்கள்.

கார்டுக் கணக்கு இதைவிட மோசம். மாதம் 3 சதவீத வட்டி என்றால் 260-க்கு மாதம் ஏறக்குறைய 8. அசல் குறையாமல் ஓராண்டு கிடந்தால், வட்டிக்கு வட்டியும் சேர்ந்து ஒரு மாத வாடகைக்கு மேல் போய்விடும். வாடகையைக் கார்டில் கட்டினால் புள்ளிகள் கிடைக்கும் என்று ஏதோ ஒரு செயலியைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். கட்டணம் கழித்துப் பார்த்தால் அந்தப் புள்ளிகளில் பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சுவதில்லை. கார்டு பாக்கியைச் சுமப்பவருக்கு அது வேண்டவே வேண்டாம்.

பத்து மாத வரவையும் ஒரே தாளில் தேதி வாரியாக எழுதி, சித்தப்பாவுடன் உட்கார்ந்து, 260 கைமாற்று என்பதை அவர் கையெழுத்துடன் ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள். பாக்கி என்று அவர் சொல்லும் 200-ஐ அதில் கழித்து, மீதி 60-ஐ அடுத்த மூன்று மாத வாடகையில் இருபது இருபதாகக் குறைக்க அவர் சம்மதித்தால் அதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள். கையெழுத்தாகும் வரை முழு வாடகையையும் வங்கி வழியாக, மாதத்தின் பெயரைக் குறிப்பிட்டு அனுப்புங்கள். சேமிப்பு இருந்தால் முதலில் கார்டுக் கடனை அடைத்துவிடுங்கள். அவர் கையெழுத்திட மறுத்தால், நோட்டீஸ் வரும் வரை காத்திருக்காமல், வாடகை வழக்குகளைப் பார்க்கும் வழக்கறிஞர் ஒருவரிடம் அந்தத் தாளையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் காட்டுங்கள்.