இயக்கம் எப்போது கட்சியாகிறது?

கேள்வி: தெருவில் இறங்கிப் போராடிய ஓர் இயக்கம் ஏன் தேர்தலில் நிற்கும் கட்சியாக மாறுகிறது? தலைவர்களின் பதவி ஆசைதானே காரணம்?

பதில்: பதவி ஆசை எங்கும் உண்டு. ஆனால் ஆசை மட்டுமே ஒரு கட்சியை நிலைநிறுத்திவிடாது. போராட்டத்தால் மட்டும் தாண்ட முடியாத ஒரு தடையை எதிர்கொண்ட பிறகே இயக்கங்கள் பெரும்பாலும் தேர்தலை நாடுகின்றன. பிரிட்டனின் தொழிலாளர் கட்சிக்கு ஒரு நீதிமன்றத் தீர்ப்பே அத்தகைய தடையாக அமைந்தது. 1900 பிப்ரவரியில் தொழிற்சங்கங்களும் சோஷலிச அமைப்புகளும் லண்டனில் கூடித் தொழிலாளர் பிரதிநிதித்துவக் குழுவை அமைத்தபோது, பல சங்கங்கள் ஆர்வம் காட்டாமல் ஒதுங்கியே நின்றன. அவ்வாண்டுத் தேர்தலில் அக்குழுவுக்குக் கிடைத்தவை இரண்டே இடங்கள். 1901இல் டாஃப் வேல் ரயில்வே நிறுவனம் தொடுத்த வழக்கில், வேலைநிறுத்தத்தால் நிறுவனத்துக்கு ஏற்படும் இழப்புக்குச் சங்கத்தின் மீதே வழக்குத் தொடரலாம் என்று, அன்று நாட்டின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை (நாடாளுமன்றத்தின் மேலவை) தீர்ப்பளித்தது. உறுப்பினர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த சந்தாப் பணம் ஒரே வேலைநிறுத்தத்தில் பறிபோய்விடும் நிலை வந்தது. இதற்கு எதிராக எத்தனை ஊர்வலம் நடத்தினாலும், சட்டத்தை மாற்றும் இடம் நாடாளுமன்றம்தான் என்பது அப்போதுதான் சங்கங்களுக்கு உறைத்தது. ஒதுங்கி நின்றவர்கள் குழுவில் சேர்ந்தார்கள். 1906 தேர்தலில் அது 29 இடங்களை வென்று தொழிலாளர் கட்சி என்று பெயர் சூட்டிக்கொண்டது. லிபரல் ஆட்சி அதே ஆண்டில் கொண்டுவந்த தொழில் தகராறுகள் சட்டம் அந்தத் தீர்ப்பின் விளைவை நீக்கியது.

பிரேசிலின் தொழிலாளர் கட்சியும் இப்படித்தான் 1980இல், ராணுவ ஆட்சிக் காலத்தில், சாவோ பாவ்லோவை அடுத்த தொழில்நகரங்களின் உலோகத் தொழிலாளர் வேலைநிறுத்தங்களிலிருந்து எழுந்தது.

கேள்வி: கட்சியான பிறகு இயக்கத்தின் பழைய குணம் தொலைந்துபோவதைத் தவிர்க்கவே முடியாதா?

பதில்: அதைத் தவிர்க்க மிகவும் நேர்மையாக முயன்றவர்கள் மேற்கு ஜெர்மனியின் பசுமைக் கட்சியினர் என்பேன். 1975இல் வீல் என்ற ஊரில் அணுமின் நிலையம் அமையவிருந்த நிலத்தைத் திராட்சை விவசாயிகளும் சுற்றுவட்டார மக்களும் ஆக்கிரமித்துத் தடுத்தார்கள். அந்த நிலையம் கட்டப்படவே இல்லை. இத்தகைய போராட்டங்களில் உருவான குழுக்கள் 1980 ஜனவரியில் கார்ல்ஸ்ரூவே நகரில் கட்சியாக இணைந்து, 1983இல் 5.6 சதவீத வாக்குகளுடன் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தன. அதிகாரம் சிலர் கையில் தங்கிவிடக் கூடாது என்பதற்காக, உறுப்பினர்கள் நான்காண்டுப் பதவிக் காலத்தின் நடுவிலேயே விலகி அடுத்தவருக்கு இடம் தர வேண்டும் என்ற சுழற்சி விதியை வகுத்துக்கொண்டார்கள். அந்த விதி நீடிக்கவில்லை. நாடாளுமன்றப் பணியைக் கற்றுக்கொள்வதற்குள் இரண்டாண்டு முடிந்துவிடுகிறது என்ற குறை எழுந்தது; கட்சியின் முகமாக விளங்கிய பெட்ரா கெல்லியே 1985இல் பதவி விலக மறுத்துவிட்டார்.

எனக்கு இதைவிடப் பெரிதாகத் தோன்றுவது வேறொரு சிக்கல். இயக்கத்துக்கு ஒரு கோரிக்கை போதும். அதில் உடன்படுகிறவர்கள் மற்ற எல்லாவற்றிலும் முரண்படலாம். கட்சிக்கோ வரி முதல் போர் வரை அனைத்திலும் ஒரு நிலைப்பாடு வேண்டும். அமைதி இயக்கத்திலும் வேரூன்றிய பசுமைக் கட்சி, 1999இல் ஆட்சிக் கூட்டணியில் இருந்தபோது கொசோவோ போரில் ஜெர்மனி பங்கேற்பதை ஆதரிக்க நேர்ந்தது. அக்கட்சியின் மாநாட்டிலேயே, அக்கட்சியைச் சேர்ந்த வெளியுறவு அமைச்சர் யோஷ்கா ஃபிஷர் மீது சிவப்புச் சாயப் பை எறியப்பட்டது.

ஆகவே, கட்சி தொடங்கியதும் இயக்கத்தைக் கலைத்துவிடுவதே பெருந்தவறு என்று நான் உறுதியாக நம்புகிறேன். 2001இல் பசுமைக் கட்சியைச் சேர்ந்தவரே சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்து, மறியல் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட போதும், அணுக்கழிவுக் கிடங்கு இருந்த கோர்லேபன் நோக்கிச் சென்ற அணுக்கழிவு ரயிலைப் போராட்டக்காரர்கள் மறித்தார்கள். அணுமின்சாரத்தைக் கைவிடும் சட்டம் 2002இல் வந்தது. பின்னர் வந்த அரசு 2010இல் காலக்கெடுவை நீட்டியபோதும் அவர்கள் தெருவில்தான் இருந்தார்கள். ஜெர்மனியின் கடைசி மூன்று அணு உலைகள் 2023 ஏப்ரல் 15 அன்று நிறுத்தப்பட்டன.